கழுவிய தண்ணீர் யாருடையது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அடுத்தது சாப்பாடு என்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு. குடிக்கிற ஊரணியில் கால் நனைக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் சத்தமே போதும். அந்த ஒழுங்கில் சிலரைத் தண்ணீருக்கு அண்டவிடாத சாதிக் கொடுமையும் இருந்தது. அதை மறைத்துப் பெருமை பேச வரவில்லை. ஆனால் நாம் தொட்ட தண்ணீரை அடுத்து ஒருவர் மொள்ளுவார் என்ற நினைப்பு அதில் இருந்தது. குழாய் வந்ததும் அது போய்விட்டது. தாமிரபரணித் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, கழுவிய தண்ணீர் எங்கேயோ போகிறது.

எங்கே போகிறது? பின்பக்கச் சாக்கடையில் இறங்கி, ஓடை வழியாகக் கண்மாய்ப் பக்கம். அங்கே கிணறு வைத்திருப்பவருக்கு இந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளால் கிணறுகள் கெட்டபோது வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். நம்மைப் போல ஒரு சங்கம்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவர் இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டதைச் சீர்செய்யும் செலவும் அவருடையதே. ஆலைக்குச் சொன்னது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சாக்கடைக்குள் விழுந்த பிறகு தண்ணீர் ஆலை, வீடு என்று பார்ப்பதில்லை.

நான் கேட்பது ஒரு செயற்கைச் சதுப்புப் படுகை. குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு மட்டும். கழிவறை இப்போது போலவே செப்டிக் டேங்குக்குப் போகட்டும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்டியும் தங்க ஒரு தொட்டி. பிறகு அடியில் நீர் கசியாத விரிப்புப் போட்டு, இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, கல்வாழையும் சம்பும் நட வேண்டும். செடிதான் சுத்தம் செய்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேலை ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்களுடையது; வேர்கள் அவற்றுக்கு இடமும் கொஞ்சம் காற்றும் தருகின்றன. ஜெர்மனியில் கேத்தே சீடல் என்ற அம்மையார் 1950களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீர் இப்படிப்பட்ட படுகை வழியாகப் போய்த் தோட்டத்துக்குப் பாய்கிறது.

கொசு வராதா என்று போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். தண்ணீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடும். மேலே தேங்கினால்தான் கொசு. ஜல்லி அடைத்துக்கொண்டால் தேங்கும். அதனால் பிசுக்குத் தொட்டியை ஒழுங்காக அள்ள வேண்டும். அள்ளாமல் விடப்போகிறோம் என்றால் கட்டவே வேண்டாம்.

இன்னொன்று, உப்பு. நம் ஊர் போர்த் தண்ணீரின் ருசி உங்களுக்குத் தெரியும். படுகை அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. நம் வெயிலில் ஆவியாகும்போது உப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். எனவே வெளிவரும் தண்ணீர் தென்னைக்கும் வேம்புக்கும் ஆகும். மல்லிகைத் தொட்டியில் ஊற்றிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். சாயப்பட்டறைத் தண்ணீரை இது சரிசெய்யும் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இடம்தான் சிக்கல். ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது வேண்டும். 24 வீட்டில் 80 பேர் என்றால் 80 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டு சென்ட். வடகிழக்கு மூலையை எடுத்தால் ஆறு கார்கள் வெளியே நிற்க வேண்டும். அதில் என் காரும் ஒன்று. மற்ற ஐந்து பேரைக் கேட்காமல் ஓட்டுக்கு விடுவது நியாயமில்லை. ஜல்லிக்கும் விரிப்புக்கும் இரண்டு இடத்தில் விலை கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அந்த ஐந்து பேரும் சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் கொஞ்சம் இருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.