சாவியைத் திருப்பியும் சத்தம் வரவில்லையா?

(சிறுதோட்டக்காரர்களும் இயந்திரங்களும் என்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தோட்டப் பட்டறையில் நீண்ட காலம் வேலை செய்த மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், சிறுதோட்டக்காரர்கள் டிராக்டர் வாங்கக் கடன் எடுப்பது பற்றி நன்றாக விளக்கினார். சரி, கடன் கிடைத்துவிட்டது, டிராக்டரும் வாசலுக்கு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. அப்போது என்ன செய்வது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பேராக்கில் என் மச்சானுக்கு 8 ஏக்கர் செம்பனை இருக்கிறது. 24 குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டர் ஒன்றைப் புதிதாக வாங்கினார். லோரியில் வந்து இறங்கியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டோம். பிள்ளைகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை, வெட்டிய குலைகள் தோட்டத்தில் கிடக்கின்றன. செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயின் தரம் குறையும்; விலையும் குறையும். அந்த அவசரத்தில் மச்சான் ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பினார். 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை.

நேயர்களே, இந்த இடத்தில்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். டிராக்டர் எப்படி மறுக்கிறது என்று கேளுங்கள்.

'டிக் டிக்' என்று சத்தம் வந்து ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்றால், முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். 'புது வண்டியாயிற்றே' என்பார்கள். வண்டி புதிதுதான், ஆனால் விற்பனையாளரின் முற்றத்தில் அது எத்தனை மாதம் நின்றதோ, யாருக்குத் தெரியும்? நிறைந்த பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தால் அதன் முனைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லோரியில் குலுங்கி வந்ததில் தளர்ந்திருக்கலாம். எஞ்சினின் இரும்பில் முடுக்கியிருக்கும் எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், அது டீசல் சமாச்சாரம். எண்ணெய்க் குழாயின் வால்வு மூடியிருக்கலாம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம்; அதை வெளியேற்றும் முறை கையேட்டில் இருக்கும். நம் நாட்டில் வாகனங்களுக்கு விற்கும் டீசலில் செம்பனை டீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகையால் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தெரிகிறதா என்றும் பாருங்கள். கேமரன் மலைக் குளிரில், சூடேற்றும் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். கீழ்நாட்டு வெயிலில் அது பெரும்பாலும் பிரச்சினையாக வராது.

மச்சானின் டிராக்டரில் இந்த இரண்டும் இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஆனால் ஸ்டார்ட்டரிடமிருந்து சத்தமே இல்லை. புது டிராக்டரில் இப்படி நடந்தால், பெரும்பாலும் அது பழுதே அல்ல. கிளட்ச் முழுதாக மிதிபடவில்லை, பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. நெம்புகோல் போடப்பட்டிருக்கிறது, கியர் நியூட்ரலில் இல்லை, இருக்கையில் ஆள் இல்லை... இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகாதபடி சுவிட்சுகள் வைத்திருக்கிறார்கள். எதை எதைப் பார்க்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நம் உயிருக்காக வைத்த காவல் அது.

முதல் நாள் பிள்ளைகள் விளையாட்டாக பி.டி.ஓ. நெம்புகோலை இழுத்துவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்! மச்சானுக்கு அது தெரியாது. கையேடு பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்குள் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, ஸ்குரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் ஓடிவிடும்" என்றார்.

ஓடத்தான் செய்தது. லோரிக்காரர் இறக்கி நிறுத்தியபோது, உருளாமல் இருப்பதற்காகக் கியரில் விட்டிருந்தார். இப்போது கிளட்ச்சை மிதிக்க மேலே ஆள் இல்லை. எஞ்சின் பிடித்த அதே கணத்தில் டிராக்டர் முன்னால் பாய்ந்தது. பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நின்றவர் மச்சான். சக்கரம் அவருடைய வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. டிராக்டர் போய் வடிகாலில் விழுந்து நின்றது. இரண்டடி உள்ளே நின்றிருந்தால் நான் இன்று இந்த அரங்கில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் அவரால் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. அன்று வெட்டிய குலைகளும் ஆலைக்குப் போகவில்லை.

பட்டறையில் வேலை செய்த காலத்தில் நானும் ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட் செய்தவன்தான். மறைக்க விரும்பவில்லை. பழைய டிராக்டர்களில் அது எங்களுக்கு ஒரு வீரம். சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்தோம் என்பதை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது.

ஆகவே, டிராக்டரை இறக்க வரும் ஆளை உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒரு தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். எந்தெந்த நிலையில் இது ஸ்டார்ட் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவர் முன்னால் செய்து பாருங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டுவார்களோ அவர்களும் செய்து பார்க்கட்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? வயரை அறுக்காதீர்கள், சுவிட்சைக் கழற்றாதீர்கள். உத்தரவாதம் இருக்கும்போது விற்றவரையே கூப்பிடுங்கள். குலை ஒரு நாள் தாமதமானால் சில ரிங்கிட்தான் நட்டம்.

மச்சான் இப்போது நடக்கிறார், டிராக்டரும் ஓடுகிறது. சாவியை மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டியிருக்கிறார். நேரம் முடிந்தது என்று தலைவர் சைகை காட்டுகிறார். பேட்டரியை இன்னொரு வண்டியோடு இணைப்பது பற்றி நேயர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கேள்வி நேரத்தில் பதில் சொல்கிறேன்.