குழந்தை கையில் எடுத்த மாண்டலின்



முடிச்சூரிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில் மாலை வேளையில் நின்று பார்த்தால், பாட்டு வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் பெற்றோரைக் காணலாம். சேர்ப்பதற்கு எவரும் தயங்குவதில்லை. ஒன்பதாம் வகுப்பு வந்தவுடன் அந்தக் கீபோர்டு பரண்மேல் ஏறிவிடுகிறது. "பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் சொல். குழந்தையின் இசைவேட்கை அதுவரை காத்திருக்குமா?

இளங்கோவடிகள் மாதவியைக் காத்திருக்க வைக்கவில்லை. ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறினாள் என்பது அரங்கேற்று காதையும் அதன் உரையும் தரும் செய்தி. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ஆசிரியர்கள் அவளுக்காக நின்றார்கள். செல்வம் கொழித்த புகார் நகரில் அது இயன்றது.

அத்தகைய வாய்ப்பு எதுவுமின்றி, அதே ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சிறுவன் வளர்ந்த வரலாறு அண்மைக் காலத்தது. உப்பலபு ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா இசை பயின்றவர். ஐந்தாறு வயதில் மாண்டலினைத் தானாகவே கையில் எடுத்து மீட்டத் தொடங்கிய மகனைத் தந்தை கவனித்தார். புதிய மாண்டலின் ஒன்றை வாங்கித் தந்து, தாமே முதற்பாடம் சொன்னார். பின்னர்த் தம் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் அழைத்துச் சென்றார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர்.

இங்குதான் வியப்பு. குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; சிறுவன் கேட்டதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடித்து வாசிப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்ட ஆளில்லை. அதனாலேயே அவர் வாசிப்பில் பாட்டின் சாயல் படிந்தது எனலாம். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு, தெரிந்ததை முழுமையாகக் கொடுத்த அக்குருவின் பெருந்தன்மை இன்றைய ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மாண்டலின் நம் இசைக்கு எளிதில் வளையும் கருவியன்று. மேலைநாட்டில் பிறந்தது. நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் உடையது, மெட்டுகள் நெருக்கமானவை, ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகத்துக்கோ, கம்பியை இழுத்து அசைக்க வேண்டும். நாதம் நீடித்து நிற்கவும் வேண்டும். ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு கம்பியையும் சேர்த்து, மின்சார மாண்டலினில் வாசித்தார். இது கருநாடக இசைக்கு ஏற்ற கருவிதானா என்று புருவம் உயர்த்தியவர்கள் இருந்தனர். வாசிப்பே அவர்களுக்கு விடையாயிற்று.

1978இல் குடிவாடாவில் முதற்கச்சேரி. 1981இல் சென்னையில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் இசைவிழாவில் அரங்கேறியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மாதவியின் அதே பன்னிரண்டு! 1983இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழா மேடையிலும் அவர் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எல்லாப் பிள்ளைகளும் ஸ்ரீநிவாஸ் ஆவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. மேடைக்காகப் பிள்ளையை வாட்டும் பெற்றோரும், தேர்வுக்காகக் கருவியைப் பூட்டிவைக்கும் பெற்றோரும் ஒரே பிழையின் இரு முகங்கள். பாலகொல்லுத் தந்தை அவ்விரண்டையும் செய்யவில்லை. பிள்ளை எதை விரும்பி எடுத்தான் என்பதை முதலில் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை நாளும் அரைமணி நேரம் வாசித்தால் மதிப்பெண் சரிந்துவிடும் என்று அஞ்சுவோர், அந்த அரைமணி இப்போது கைப்பேசிக்குப் போவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று, 45ஆம் வயதில், சென்னையில் மறைந்தார். அவருடன் பல மேடைகளில் அமர்ந்து வாசித்த தம்பி ராஜேஷின் கையில் இருந்ததும் மாண்டலினே.