அடி குறைந்த காசும் தேய்ந்த காசும்



பழங்காசு விற்போரும் வாங்குவோரும் கூடும் இடம் எதுவாயினும், அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. "இது தேய்ந்துபோன காசு, ஐயா" என்பதே அது. அந்த ஒரு சொல்லால் காசின் விலை பாதியாகிவிடும். பத்தில் ஒரு பங்காகவும் ஆகலாம். சொல்பவர் உண்மையைச் சொல்கிறாரா, அறியாமல் சொல்கிறாரா, அறிந்தே வேறு சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ளக் கேட்பவருக்கு ஒரு வழி வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்த பெட்டியின் அடியில் நான்கைந்து வெள்ளி ரூபாய்கள் துணியில் முடிந்து கிடக்கக் காணலாம். அவற்றை விற்க நேரும் நாள் பெரும்பாலும் மகிழ்ச்சியான நாளாய் இருப்பதில்லை. அன்று ஒருவர் தம் பொருளின் மதிப்பை அறிந்திருப்பது நல்லதன்றோ? அதற்கு உதவக்கூடிய ஒரு நுட்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

காசு "அடிப்பது" என்கிறோம். அச்சொல் பொருத்தமான சொல். உலோகத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த துண்டினை வில்லை என்பர். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எஃகு அச்சுகள். அவற்றின் நடுவே வில்லை. சுற்றிலும் ஒரு வளையம். அழுத்தம் விழும் கணத்தில் அந்த உலோகம், பிசைந்த மாவு அச்சுப் பலகையின் குழிகளுக்குள் புகுவது போல, அச்சின் பள்ளங்களை நோக்கி ஓடுகிறது. அச்சில் எது மிக ஆழமான பள்ளமோ, அதுவே காசில் மிக உயர்ந்த மேடாகும். அந்தப் பள்ளம்தான் கடைசியாக நிரம்புவதும். அழுத்தம் சற்றே குறைந்தாலும், அச்சுகளுக்கிடையே இடைவெளி சற்றே மிகுந்தாலும், வில்லையைப் போதிய அளவு காய்ச்சி இளக்காமல் விட்டாலும், அது நிரம்பாமலே நின்றுவிடும். அரசியின் கூந்தல் இழையிழையாக எழவேண்டிய இடத்தில் மழுங்கிய மேடு ஒன்றே எழும். இதுவே அடி குறைந்த காசு.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. காசு கைமாறிப் பையிலும் பெட்டியிலும் உரசும்போது முதலில் தேய்வதும் அதே உயர்ந்த மேடுதான். பிறவியிலேயே குறைவுற்ற காசும், உழைத்துத் தேய்ந்த காசும், ஒரே இடத்தில் ஒரே தோற்றத்தைக் காட்டி நிற்கின்றன. தேர்ந்த கண்ணும் இங்கே தடுமாறுவது வியப்பன்று.

அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை அடிக்கப்பெற்ற ஐந்து சென்ட் காசு இதற்கு நல்ல சான்று. ஒரு புறம் அந்நாட்டுப் பழங்குடியினர் ஒருவரின் தலை, மறுபுறம் காட்டெருமை. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்ற சிற்பி அமைத்த அழகிய வடிவம் அது. மூன்று பங்கு செம்பும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த அந்தக் கலவை கடினமானது. அச்சின் பள்ளத்திற்குள் எளிதில் இறங்காது. அக்காசின் தரம் காண்போர் வசதியான அளவுகோல் ஒன்றை வைத்திருந்தனர். எருமையின் கொம்பு முழுதும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் மேல்தரம், தெரியாவிட்டால் கீழ்த்தரம். ஆனால் 1920-களில் டென்வர், சான்பிரான்சிஸ்கோ நகரங்களின் நாணயச்சாலைகளில் அடித்த காசுகள் பலவற்றில் கொம்பு சரியாக எழவே இல்லை. 1926-ஆம் ஆண்டின் டென்வர் காசு இதற்குப் பேர்போனது. ஒரு நாள்கூடப் புழங்காத காசிலும் அந்தக் குறை இருக்கும். முளைக்காத கொம்பை ஒடிந்த கொம்பு என்று தீர்ப்புச் சொன்னால் எருமை என்ன செய்யும்? அளவுகோல்தான் தவறு.

அந்நாட்டிலேயே 1878-இல் வெளிவரத் தொடங்கிய மார்கன் வெள்ளி டாலரிலும் இதே நிலை. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் டாலர்கள் பலவற்றில் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல் தட்டையாக இருக்கும். காசைத் திருப்பினால் கழுகின் மார்பும் தட்டையாகவே இருக்கும். காரணம் எளிது. அச்சுகளில் இவ்விரண்டு பள்ளங்களும் ஏறக்குறைய எதிரெதிரே அமைந்தவை. நடுவிலிருக்கும் உலோகம் இரண்டு பக்கமும் பங்கிட்டு ஓட வேண்டும். அடி வலுவாக இல்லையேல் இரண்டுக்கும் போதாது.

அப்படியானால் வேறுபாட்டை எவ்வாறு காண்பது? முதற்சான்று ஒளி. புதிதாக அடித்த வெள்ளிக்காசை ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வது போல் ஒளிக்கீற்றுகள் அதன்மேல் ஓடும். உலோகம் ஓடியபோது விழுந்த மிகமெல்லிய கோடுகள் தரும் ஒளி அது. தேய்ந்த காசில் மேட்டுப் பகுதிக்கு வந்ததும் இக்கீற்று அறுந்துவிடும். அவ்விடம் சாம்பல் நிறமாய் மங்கித் தெரியும். அடி குறைந்த காசிலும் அவ்விடத்தில் ஒளி சற்று அடங்கியிருக்கலாம். ஆயினும் நிறம் மாறியிராது. உரசலின் வழவழப்பும் இராது.

இரண்டாவது சான்று இன்னும் உறுதியானது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்தத் தட்டையான இடத்தைப் பாருங்கள். வில்லையாக இருந்த காலத்தில் அதன்மேல் விழுந்த சிறு கீறல்களும் சொரசொரப்பும் அங்கே அப்படியே தங்கியிருக்கும். அச்சின் அடிப்பகுதி அவ்விடத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அவை நசுங்கி மறைந்திருக்கும். தேய்மானமோ யாவற்றையும் மழுக்கி வழவழப்பாக்கும்.

மூன்றாவதாக, ஒரே மேட்டைப் பார்த்து முடிவு செய்யலாகாது. தேய்மானம் எந்த மேட்டையும் விட்டுவைப்பதில்லை. கூந்தல் தேய்ந்தால் கன்னமும் தேய்ந்திருக்கும்; எழுத்துகளின் முகடும் விளிம்பும் தேய்ந்திருக்கும். கூந்தல் மட்டும் மழுங்கி, கன்னமும் எழுத்தும் விளிம்பும் புதுமை குன்றாமல் இருந்தால், குறை அடியில் இருந்தது என்று ஐயுறத் தகும்.

இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் வந்து குழப்பும். அச்சே தேய்ந்து போயிருக்கலாம். அதில் எண்ணெய்ப் பசை அடைத்திருக்கலாம். 1922-இல் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை டென்வர் மட்டுமே அடித்தது. ஆயினும் அந்நகரின் அடையாள எழுத்து இல்லாத காசுகள் உள்ளன. அச்சில் அவ்வெழுத்து அழிந்தும் அடைபட்டும் போனதே காரணம். வரைவிலேயே குறை இருப்பதும் உண்டு. நம் நாட்டில் 1911-இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், மேலங்கியில் இருந்த யானை பன்றியைப் போல் தோன்றியது, மக்கள் முணுமுணுத்தனர், ரூபாய் திரும்பப் பெறப்பட்டு, 1912-இல் துதிக்கை நன்கு விளங்குமாறு திருத்தப்பட்டது. அங்கே குற்றம் அடித்தவருடையதன்று, வரைந்தவருடையது.

ஒளியே முதற்சான்று என்றேன். அந்தச் சான்றைத் தம் கையாலேயே அழிப்போர் நம்மவரில் மிகுதி. விற்கப்போகும் காசு அழகாகத் தெரியட்டும் என்று, பித்தளைக் குடத்தைத் துலக்குவது போல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கிறார்கள். காசு பளபளக்கும், ஆனால் அது வேறு பளபளப்பு. ஆரம்போல் சுழன்ற அந்த மெல்லிய கோடுகள் போய்விடும். அவற்றை மீட்க எவராலும் இயலாது. பிறகு அது பிறவிக் குறையா, தேய்மானமா என்ற வழக்கில் உங்கள் பக்கம் பேச யாரும் இல்லை. 11.66 கிராம் எடையில் 12-இல் 11 பங்கு வெள்ளி கொண்ட பழைய ரூபாய், வெறும் வெள்ளியின் விலைக்கே போகும். அழுக்கோடு இருக்கட்டும், தொடாதீர்கள்.

தரத்தை எண்ணால் குறிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புக்காசுகளுக்கென 1 முதல் 70 வரை ஓர் அளவு வகுத்தார். பின்னர் அது எல்லாக் காசுகளுக்கும் பரவியது. 60-உம் அதற்கு மேலும் புழங்காத காசுக்கு உரியவை. அடி குறைந்தாலும் புழங்காத காசு 60-க்குக் கீழே இறங்கலாகாது என்பது முறை. ஆனால் அது 65-ஐ எட்டுவது அரிது. என் கருத்தில், காசு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு காக்கப்பட்டது என்னும் இரண்டு செய்திகளை ஒரே எண்ணுக்குள் திணிப்பது தெளிவைக் கெடுக்கிறது. அமெரிக்கர்களும் சில காசுகளுக்கு எண்ணோடு ஒரு சொல்லையும் சேர்க்கிறார்கள். 1945-இல் ஃபிலடெல்ஃபியா அடித்த பத்து சென்ட் காசுகள் 15 கோடிக்கும் மேல். புழங்காதவையும் மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதன் பின்புறத்துக் கோல்கட்டின் நடுவிலுள்ள கச்சைகள் முழுதும் பிரிந்து தெரியும் காசு மிக அரிது, விலையும் பன்மடங்கு. ஆகவே விற்பவரானாலும் வாங்குபவரானாலும், "புழங்காதது, அடி குறைந்தது" என்று இரண்டையும் தனித்தனியே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தேய்ந்த காசை "அடி குறைந்தது" என்று சொல்லி உயர்ந்த விலைக்குத் தள்ளிவிடும் வணிகரும் உண்டு. அவர் அவ்வாறு எழுதித்தரத் தயங்குவார்.

இதுவரை சொன்னவை எந்திரம் அடித்த காசுகளுக்கே பொருந்தும். கையால் சம்மட்டி கொண்டு அடித்த முகலாய ரூபாய்க்கும், அரைக் கிராமுக்கும் குறைந்த நம் தென்னாட்டுப் பொற்பணத்திற்கும் வேறு கண் வேண்டும். முகலாய ரூபாயில் அச்சு பெரியது, வில்லை சிறியது. ஆதலால் ஊர்ப்பெயரோ ஆண்டோ பாதி வெளியே போய்விடும். காசின் மதிப்போ பெரும்பாலும் அவ்விரண்டையே பொறுத்தது. எழுத்து இல்லாத இடத்தைக் காட்டி ஒருவர் தேய்ந்தது என்பாரானால், விளிம்பை உற்றுப் பாருங்கள். எழுத்து முழு உயரத்தோடு விளிம்புவரை வந்து, அங்கே வெட்டுண்டது போல் நின்றால், அது வில்லைக்கு அப்பால் விழுந்த எழுத்து. விளிம்பை அடையுமுன்பே படிப்படியாய் மங்கி மறைந்தால், தேய்மானமோ அடியின் குறையோ இருக்கலாம். அப்போது விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.