கடற்கரையில் குடி: பாவமா? சட்டமா? பகுத்தறிவா?

(நார்த்தாமலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நாலாபுறமும் பாறை நிற்கும் நார்த்தாமலையில் நின்றுகொண்டு கடற்கரையைப் பற்றிப் பேசுகிறோமே என்று உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போன பிள்ளை ஒருவனாவது இல்லாத தெரு இந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை இருக்கிறது? போன பிள்ளை ஓய்வு நாளில் கடற்காற்று வாங்கப் போகிறான். கையோடு ஒரு புட்டியும் போகிறது. புறப்பட நல்ல நாள் பார்த்துச் சொன்ன சோசியர், அந்த ஊர்ச் சட்டத்தைச் சொல்லி அனுப்பினாரா? இல்லை. ஆகவே அந்த வேலையை நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது, குடிப்பது பாவமா என்று கேட்கிறார்கள். நம் சீமையில் கருப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். கருப்பன் குடித்து ஒரு சொட்டாவது குறைந்ததுண்டா? குறைத்தவர் யார் என்பது பூசாரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரே சரக்கு, சாமிக்கு முன்னால் பிரசாதமாகவும், வேலிக்கு அப்பால் பாவமாகவும் எப்படி ஆகும்? ஆகவே பாவ புண்ணியக் கணக்கைத் தூக்கி எறியுங்கள். அறிவுள்ளவன் கேட்க வேண்டியது ஒன்றே: இதனால் கெடுதி யாருக்கு? அதைத் தடுக்க வழி என்ன?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1937-ல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை மதுவிலக்குச் சட்டம் செய்து, சேலம் ஜில்லாவில் முதலில் நடத்திற்று. 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 1983-ல் டாஸ்மாக் பிறந்து, 2003 முதல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது. வேடிக்கையைப் பாருங்கள்! மதுவை ஒழிக்கப் பிறந்த அந்த 1937-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழேயேதான் இன்று சர்க்கார் மது விற்கிறது. அதே சட்டப்படி, பொது இடத்தில் போதையோடு காணப்படுவது குற்றம். மெரினா மணல் பொது இடம். ஆகவே விற்பதும் சர்க்கார். குடித்தவனைப் பிடிப்பதும் சர்க்கார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டலில் உரிமம் பெற்ற பாரில் அமர்ந்து கடலைப் பார்த்துக் குடிப்பவர் கனவான்! அதே கடலைப் பார்த்து மணலில் குடிக்கும் கொத்தனார் கைதி! கடல் ஒன்று, சரக்கு ஒன்று. மடியிலுள்ள பணம்தானே வேறு?

இந்த அநியாயத்தைக் கண்டிக்கிறோம். ஆனால், அதற்காக மணலில் புட்டியைத் திறப்பது வீரமென்று நாம் சொல்லமாட்டோம். ஏனென்றால் அந்த மணல் குடிப்பவனுக்கு மட்டும் சொந்தமல்ல. பிள்ளையோடு வரும் தாய்க்கும், சுண்டல் விற்கும் சிறுவனுக்கும், வெறுங்காலோடு வலை இழுக்கும் மீனவனுக்கும் சொந்தம். அங்கே உடைந்து கிடக்கும் கண்ணாடிச் சில்லு யார் காலில் ஏறும்? பொழுது சாய்ந்ததும் பெண்கள் அஞ்சி எழுந்து போகிறார்களென்றால் அது யாருடைய சுதந்திரம்?

சிங்கப்பூரைப் பாருங்கள். 2013 டிசம்பர் 8-ந் தேதி அங்கே லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு மாண்டார். உடனே கலகம் மூண்டது. விசாரணைக் குழு, கலகம் பெருகியதற்குக் குடியும் ஒரு காரணம் என்றது. 2015-ல் சட்டம் வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் இன்னும் கடுமை. மற்றபடி, கடற்கரைப் பூங்காவில் மாலையில் ஒருவன் அமைதியாக ஒரு பீர் குடித்தால் அந்தச் சட்டம் அவனைத் தொடுவதில்லை. நம் தொழிலாளர் கூடும் இடத்தில் இன்னும் கடுமை ஏன் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனாலும், இந்த நேரம், இந்த இடம் என்று வரையறுத்துச் சொல்லும் முறை நம்முடைய முறையைவிட நேர்மையானது. குடிக்குப் பேர்போன கோவாவிலேயே, கடற்கரையில் திறந்தவெளியில் குடித்தால் தனி ஆளுக்கு 2,000 ரூபாயும், கூட்டத்துக்கு 10,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ல் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கொட்டகையில் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை.

தோழர்களே! குடிக்கச் சொல்ல நாம் வரவில்லை. எவ்வளவு குறைவாயினும் மது உடம்புக்குத் தீங்கற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அது தெரிந்தும் ஒருவன் குடிப்பானாகில், சில காரியங்களையாவது கைக்கொள்ளட்டும். 21 வயது ஆகாதவன் தொட வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பான சரக்கு வேண்டவே வேண்டாம்; 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தது. குடித்தபின் கடலில் இறங்காதே. போதை பயத்தைக் குறைக்கும், அலையைக் குறைக்காது. வண்டியை ஓட்டாதே, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியில் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியதை வீட்டில் கொடுத்த பிறகே உன் மடியிலிருப்பது உன்னுடையது.

சர்க்காரை நாம் கேட்பதும் உண்டு. ஏழை உட்காரும் பார் ஏன் சாக்கடை ஓரமாக நாற வேண்டும்? ஓட்டலுக்குள்ள சுத்தமும் ஒழுங்கும் அங்கே ஏன் இல்லை? நீலகிரியில் 2022-ல் புட்டிக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்ததே. மலைக்குக் காட்டிய அந்த அக்கறையைக் கடற்கரை மணலுக்கும் முழுதும் காட்டினால் என்ன?

ஆகவே, சாமிக்குப் பயந்து குடியை விட்டவன் திருவிழா நாளில் சாமி பேரைச் சொல்லியே குடிப்பான். போலீசுக்குப் பயந்து விட்டவன் போலீஸ் இல்லாத இடத்தில் குடிப்பான். அறிவினால் அளவறிந்தவனுக்கே காவல் தேவையில்லை. உங்கள் அறிவைப் பூசாரியிடம் அடகு வைக்காதீர்கள். புட்டியிடமும் அடகு வைக்காதீர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.