நான்கு தந்திகளும் நானும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்த பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. பேசிப் பழகியவனும் அல்லன். அப்படியிருந்தும் நம் செயலாளர் அவர்கள், "சனிக்கிழமை இரவுகளில் நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று காலனியில் பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதையே ஒரு சொற்பொழிவாகச் சொல்லிவிடுங்கள்" என்று கட்டளையிட்டார். அதற்குப் பணிந்து உங்கள் முன் நிற்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், இந்தக் கொல்கத்தா நகரத்து பப் ஒன்றில், ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பப் என்பது மது பரிமாறும் இடம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நாங்கள் வாசிப்பவை எங்கள் சொந்தப் பாடல்களும் அல்ல. பிறர் இயற்றிப் பாடிப் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்களை, கேட்பவர் மனத்தில் எப்படிப் பதிந்திருக்கின்றனவோ அப்படியே வாசிக்கிறோம். இத்தகைய குழுவைக் 'கவர் பேண்டு' என்பார்கள்.

சென்ற பொங்கல் விழாவன்று நம் காலனிப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "என்ன தம்பி, வெள்ளைக்காரன் பாட்டுக்கு ஒத்து ஊதப் போகிறாயாமே, அதுவும் சாராயக் கடையிலே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பன்னிரண்டு வயதான என் மகள் அருகில் நின்றிருந்தாள். வீடு வந்து சேரும் வரையில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

பெரியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு கேள்விகள். ஒத்து ஊதுவது இழிவா என்பது ஒன்று. குடிப்பவர் கூடும் இடத்தில் வாசிப்பது தகுமா என்பது மற்றொன்று. அன்று அவருக்குச் சொல்ல முடியாத விடையை இன்று சபையறியச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இவ்வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பேஸ் கிட்டார் பார்வைக்குச் சாதாரணக் கிட்டாரைப் போன்றதே. அதற்கு ஆறு தந்திகள், இதற்கு நான்கே. தந்திகள் தடித்தவை. அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் உள்ள இடைவெளி, சட்ஜமத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியே. மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் சட்ஜமத்துக்கு ஒன்றரை ஸ்தாயிக்கும் அதிகமாகக் கீழே ஒலிப்பது அது. காதால் கேட்பதைவிட நெஞ்சுக் கூட்டில் உணர்வதே அதிகம் என்று சொல்லலாம்.

முற்காலத்தில் மேனாட்டு இசைக்குழுக்களில் இந்தக் கீழ்ச்சுரங்களை ஆளுயரப் பிடில் போன்ற ஒரு பெரிய வாத்தியத்தில் வாசித்தார்கள். அதைத் தூக்கிச் செல்வது துன்பம். டிரம் ஓசையில் அதன் ஒலி அமுங்கியும் போகும். 1930களிலேயே மின்சாரத்தால் ஒலிக்கும் பேஸ் கிட்டார் செய்ய அமெரிக்காவில் சிலர் முயன்றதுண்டு. ஆயினும் அது உலகெங்கும் பரவியது, கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட வாத்தியத்தினால்தான். நம் வீணையில் மெட்டுகள் இருப்பது போல அதன் கழுத்தில் மெட்டுகளைப் பதித்தார். விரலை வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் பேசியதால் அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' என்றே பெயர் சூட்டினார். இதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சியுண்டு. பெண்டர், கணக்கியல் பயின்று கணக்கராகப் பணியாற்றி, பின்னர் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்! குமாஸ்தாக்களால் உலகுக்குப் பயனில்லை என்று யாரேனும் சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைக் கற்பித்தவர், நாங்கள் முன்பு இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் வசித்த ஓர் ஆங்கிலோ இந்தியர், ஓய்வுபெற்ற கார்டு. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். யார்டில் மெல்லச் செல்லும் சரக்கு வண்டியின் சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளில் தட்டும் ஓசையைக் காட்டி, "இதற்குக் காலால் தாளம் போடு; ஆறு மாதம் வேறொன்றும் கேட்காதே" என்றார். தம் மக்களோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியபோது தம் பேஸ் கிட்டாரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இன்றும் நான் வாசிப்பது அதுவே.

இனி எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கூறுகிறேன். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி, முக்கால் மணி நேரம் வீதம் மூன்று பகுதிகளாக வாசிப்போம். முன்னதாகச் சென்று ஆம்பிளிபயரைப் பொருத்தி, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியளவையும் சரிபார்க்க வேண்டும். பாடகியின் தொண்டைக்கு ஏற்பச் சில பாடல்களின் சுருதியை இறக்கிக்கொள்வோம். மேசைகளிலிருந்து துண்டுக் காகிதத்தில் பாட்டின் பெயரெழுதி வரும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டாகவே பெரும்பாலும் இருக்கும். அதைக் கேட்டவர் தம் கல்லூரி நாள்களை நினைத்துக் கேட்டிருப்பார். அதில் ஓர் அடி பிசகினாலும் அவர் முகம் வாடும். பிறர் பாட்டை வாசிப்பது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். சொந்தப் பாட்டில் தவறினால் அது புதுமை என்று சொல்லித் தப்பிக்கலாம். பிறர் பாட்டில் தவறினால் சபைக்கே தெரிந்துவிடும்.

இக்குழுவில் என் பங்கு என்ன? டிரம் வாசிப்பவர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் அடியோடு என் அடி சேரவேண்டும். கிட்டார்க்காரர் பல சுரங்களைக் கூட்டி ஒலிக்கும்போது, அக்கூட்டுக்கு ஆதாரமான சுரத்தை நான் கீழே பிடித்துத் தரவேண்டும். அதாவது, தாளத்துக்கும் சுரத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் முடிபோடுவதே என் வேலை. அது சரியாக நடந்தால் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதை நான் அறிந்துகொண்டதும் ஒரு தவறினால்தான். குழுவில் சேர்ந்த இரண்டாம் மாதம், என் அலுவலக நண்பர்கள் இருவர் கேட்க வந்திருந்தனர். அவர்கள் என் திறமையைக் காணவேண்டும் என்ற ஆசையால், ஒரு சுரம் போதுமான இடத்தில் எட்டுச் சுரம் வாசித்தேன். பாடகி பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். டிரம் ஒருபுறம், கிட்டார் ஒருபுறமாகப் பாட்டு சிதறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். என்ன நேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஐவருக்கும் தெரியும். இடைவேளையில் பாடகி என்னிடம், "அண்ணா, எனக்கு நிற்க இடம் வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பெரியோர்களே! நாகசுரக் கச்சேரியில் பக்கத்தில் அமர்ந்து ஒரே சுரத்தை விடாது ஊதும் ஒத்துக்காரரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர் தொழிலின் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். ஆனால் அவர் மூச்சு நின்றால் பெரிய வித்துவானின் ஆலாபனையும் தடுமாறும் அல்லவா? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஆடும் மாதவிக்கு மட்டுமா இலக்கணம் கூறப்படுகிறது? தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறப்படுகிறது. துணை நிற்பவனையும் இளங்கோவடிகள் மறக்கவில்லை.

மேனாட்டிலும் இந்நிலையே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற புகழ்பெற்ற பாடல்களுக்கு 1960களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகமே அவர் விரலோசைக்கு ஆடியது. ஆயினும் 1971ஆம் ஆண்டுவரை அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பீட்டில்ஸ் குழுவினரும் 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மதுக்கூடங்களில் பிறர் பாடல்களை மணிக்கணக்கில் வாசித்தே தேறியவர்கள். அவர்களுடைய பேஸ் வாசிப்பாளர் 1961இல் விலகியபோது, அந்த இடத்துக்கு வர ஒருவருக்கும் மனமில்லை. பால் மெக்கார்ட்னி வேறு வழியின்றி ஏற்றார். பின்னர் அவ்வாத்தியத்துக்கே அவரால் பெருமை வந்தது. இவ்வளவு ஏன்? வீடு திரும்பியதும் இளையராஜா அவர்களின் பழைய பாடல் எதையேனும் போட்டு, குரலை விட்டுவிட்டுக் கீழே நடந்து செல்லும் ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். இத்தனை நாள் அதைக் கேளாமல் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது விளங்கும்.

ஆகவே முதல் கேள்விக்கு என் விடை: ஆம், நான் ஒத்து ஊதுபவன்தான். அதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டாம் கேள்வி கடினமானது. நம் காலனியில் பழையவர்களுக்குத் தெரியும். என் தந்தையார் குடியினால் மாண்டார். அவர் இறந்ததனால் கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்தது இந்த ரயில்வே உத்தியோகம். பியூனாகச் சேர்ந்து, தேர்வெழுதிக் குமாஸ்தாவானேன். மதுவை நான் தொட்டதில்லை. ஆனால் மேடையில் நின்று பார்க்கும்போது, என் தந்தையாரைப் போல் தள்ளாடி எழும் ஒருவரையாவது பெரும்பாலான இரவுகளில் காண்கிறேன். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் ஒரு பையன் இருப்பான். என் வாசிப்பு அவரை இன்னும் ஒரு மணி நேரம் அங்கே இருத்தி வைக்கிறதோ என்ற எண்ணம் என்னை விட்டதில்லை. அவ்வெண்ணத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விதியையும் சொல்லவேண்டும். 1966ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி வேறு வேலை பார்த்தல் கூடாது. நான் எழுத்து மூலம் அனுமதி பெற்றிருக்கிறேன். ஊதியமாக ஒரு ரூபாயும் வாங்குவதில்லை.

மதுக்கூடத்தில் வாசித்தவர் எல்லோரும் கெட்டவர் என்றும் சொல்வதற்கில்லை. இதே கொல்கத்தாவில், பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸ் உணவகத்தில், 1969ஆம் ஆண்டு காஞ்சிபுரம் பட்டுடுத்தி ஆங்கிலப் பாடல்கள் பாடினார் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி ஒருவர். அவரே உஷா உதுப். புடைவையோ பொட்டோ மாறாமல் பாடிய அவருக்கு 2024இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இடம் எதுவாயினும் தம் நிலை பிறழாமல் நிற்க முடியும் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுவேன்.

ஆனாலும் பொங்கலுக்குப் பின் என் தாயாரிடம் சென்று, "அம்மா, விட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். "நீ என்ன வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதே, நான் எப்படிச் சொல்வேன்?" என்றார். நியாயம்தானே! நண்பர்களை அழைத்து, ஒரு ஞாயிறன்று மாலை இன்ஸ்டிடியூட் மண்டபத்தில் வாசித்தோம். என் தாயாரும், மனைவியும், மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். தேநீரைத் தவிர வேறு பானம் அங்கே கிடையாது.

முடிந்தபின் என் தாயார், "நம் வீட்டுப் பின்னால் கூட்ஸ் வண்டி போகும்போது பாத்திரம் அதிருமே, அப்படி இருந்தது. ஊரில் கோயில் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் நிற்பது போல நின்றாய். எங்கே வாசித்தாலும் இப்படியே நில். உன் அப்பா நிற்கத் தெரியாமல்தான் போனார்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. வாத்தியத்தின் பெட்டியை ஒரு பக்கம் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்று முதல் ஒன்று செய்து வருகிறேன். பப்பில் வாசிக்கும் சனிக்கிழமைகள் இரண்டுக்கு ஈடாக, ஞாயிறு இரண்டில் காலனிப் பிள்ளைகளுக்கு இன்ஸ்டிடியூட்டில் கற்பிக்கிறேன். இப்போது நான்கு பேர் வருகிறார்கள். என் மகளும் ஒருத்தி. நம் சங்கம் மனம் வைத்து ஒரு மிருதங்கமும், பழைய கிட்டார் ஒன்றும் வாங்கித் தந்தால் இன்னும் பலர் வருவார்கள். மாலை வேளையில் கையில் வாத்தியம் இருக்கும் பிள்ளை வேறொன்றைத் தேடிப் போகாது என்பது என் நம்பிக்கை. எனக்கு அப்படி ஒரு வாத்தியம் கிடைத்தது. என் தந்தையாருக்குக் கிடைக்கவில்லை.

அன்று கேள்வி கேட்ட பெரியவர் இந்தச் சபையிலே இருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தையும் நன்றியையும் கூறி, அடுத்த ஞாயிறு மாலை அவரும் வந்து கேட்கவேண்டும் என வேண்டி, என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்.