பாட்டன் பெயரும் பட்டா எண்ணும்



மேடையில் பேசுவது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போவது ஐந்தாறு பேர் சேர்ந்து ஊர் ஊராக அலைந்து செய்த வேலையைப் பற்றி. அதனால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், எந்தச் சேரிக்குப் போனாலும் திண்ணையில் உட்கார்ந்ததும் “உங்க தாத்தா பேரு என்ன?” என்று கேட்பார். சொல்லிவிடுவார்கள். “அவங்க அப்பா பேரு?” என்பார். அங்கே பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். அந்த இடத்திலிருந்துதான் எங்கள் வேலை ஆரம்பித்தது. குடும்பங்களின் முன்னோர் வரிசையைப் பதிவேடுகளிலும் பெரியவர்களின் நினைவிலும் தேடி, இரண்டையும் ஒட்டவைத்து எழுதுகிற வேலை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ராஜாவைத் தேடிப் போகவில்லை. ‘ஆண்ட பரம்பரை’ என்று பேனர் கட்டாத சாதி இன்று தமிழ்நாட்டில் இல்லை. நம் இளைஞர்களும் சிலர் வந்து, “நாம எந்த மன்னர் வம்சம்னு கண்டுபிடிச்சுக் கொடுங்கண்ணே” என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற அவமானமும் கோபமும் எங்களுக்குப் புரியும். ஆனால் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஏரி மதகைத் திறந்து மூடியவர் பெயரும் அவர் மனைவி பிறந்த ஊரும் தெரியாதபோது, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மன்னனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மன்னனைத் தேடுகிறவர் நிலத்தைக் கோட்டைவிடுகிறார் என்பது எங்கள் அனுபவம்.

நம்மைப் பற்றிய எழுத்துகள் இல்லாமல் இல்லை. தேவை இருந்தவர்கள் எழுதிவைத்தார்கள். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்ற சொற்கள் வருகின்றன. வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டிய நிலமாக வருகின்றன. அங்கே குடியிருந்த ஒருவருடைய பெயரும் கிடையாது. நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். அதில் ஆட்களை அடிமையாக விற்ற ஓலைகள் உண்டு. ஆளை ஓலை எழுதி விற்பதற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லாமல் போனது கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1843-இல். திருவிதாங்கூரில் 1855-இல்தான் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது. உங்களில் யாருக்காவது ஆறாவது, ஏழாவது தலைமுறைப் பாட்டியின் பெயர் எழுத்தில் கிடைத்தால், அது இப்படி ஓர் ஓலையில் கிடைக்கவும் கூடும். அதைப் படிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கப்பல் பட்டியல்களும் அப்படித்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சனங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். வடஆர்க்காட்டு ஊர் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவனுக்கு அந்த ஊர்க் கணக்கில் ஒரு வரி இல்லை. கடல் கடந்து கூலியாகப் போன அவன் தம்பிக்கு இடது கணுக்காலில் இருந்த தழும்பு வரைக்கும் கணக்கு இருக்கிறது. அங்கிருந்து பேரப்பிள்ளைகள் இப்போது ஊர் தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற தாளில் உள்ள ‘தகப்பன் பெயர்’ இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துக்கும் பாட்டன் பெயர்தானே? இதை நம் ஆட்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதை வேறு. கங்காணி கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஆள் விவரமான பட்டியல் இல்லை. கழுத்தில் ஒரு தகரத் துண்டு, அதில் தோட்டத்தின் எண். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சீட்டு எழுதி வைத்திருந்தார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அவர்களில் பெரும் பங்கு நம் சனங்கள். பாட்டன் பெயரை நிரூபிக்க முடியாததற்கு ஒரு சமூகம் கொடுத்த விலை அது.

மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றில் தாயின் பெயரும் இருக்கும் என்பது பெரிய உதவி. ஆனால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். பூட்டியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அதே பக்கம் உங்கள் சாதிச் சான்றிதழுக்கு எதிராகவும் நீட்டப்படலாம். எடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இனி எங்கள் வேலையின் நடுவே இருக்கிற விஷயத்துக்கு, பஞ்சமி நிலத்துக்கு வருகிறோம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்புகளும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010, 1010-ஏ அரசாணைகளும் உங்களுக்குத் தெரியும். பத்து வருடம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். காரணை மண்ணுக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணைக் காட்டி, ‘இது எங்கள் பூட்டனுக்குக் கொடுத்தது’ என்று ஒரு குடும்பம் போய் நிற்கும்போது, அலுவலகம் கேட்கிற முதல் கேள்வி, ‘நீங்கள் அவருடைய வாரிசு என்பதற்கு என்ன ஆதாரம்?’

பழைய வடஆர்க்காட்டு எல்லையில் ஒரு ஊர். வழக்கு நடப்பதால் ஊர், பெயர் சொல்லவில்லை. எண்பது தாண்டிய ஆயா ஒருவர். “எங்க மாமனாரோட அப்பனுக்கு வெள்ளக்காரன் குடுத்த காடு. வடக்கே ஏரிக்கரை, கெழக்கே கன்னிமார் கல்லு, தெற்கே பனை வரிசை” என்று எல்லை சொல்கிறார். இதை அவருக்குச் சொன்னது அவர் மாமியார். நிலம் எப்படிப் போனது? ஒரு பஞ்சத்தில் இரண்டு மூட்டை நெல்லுக்குக் கைநாட்டு வைத்ததில் போனது.

பழைய ‘அ’ பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினோம். ஏரியை ஒட்டிய எண்ணுக்கு நேரே ‘டி.சி.’ என்ற குறிப்பும் ஒரு பெயரும் இருந்தன. ஆயா சொன்ன அதே பெயர். 1979-இல் தொடங்கி 1987-இல் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேட்டில் அந்த எண்ணைக் காணவில்லை; எண் மாறியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது, டி.சி. என்ற இரண்டெழுத்தும் போயிருக்கிறது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுகிற பதிவேட்டைத் தேடி வாங்கவே ஏழு மாதம் ஆனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். அதே பெயரில் அந்தச் சேரியில் அந்தக் காலத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லை. நம்மிடையே பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். அது வரிசையைப் பிடிக்க உதவும், குழப்பவும் செய்யும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘வாய்மொழி’ என்றால் ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது என்று நினைக்கிறார்கள். நாங்கள் ஒரே கேள்வியை மூன்று வீட்டில் தனித்தனியாகக் கேட்போம். ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்களிடம் கேட்போம். ஆண்கள் பங்காளி வரிசை சொல்வார்கள், பெண்கள்தான் யார் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். ஒப்பாரியில் வருகிற ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்வோம். குலதெய்வம் எந்த ஊரில், பிடிமண் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்போம். வருடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. தாது வருசப் பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா என்றால் தெரியும். அது 1876-78. பெயரும் பேசும். குப்பன், பிச்சை என்ற பெயர்கள் பல வீடுகளில் முந்தின பிள்ளைகள் செத்துப் பிறகு தங்கிய பிள்ளைக்கு, குப்பையில் கிடத்தி எடுத்தோ பிச்சையாகக் கேட்டு வாங்கியோ வைத்தவை. அந்தப் பெயரைக் கண்டால் அதற்கு மேலே பெயரில்லாத இரண்டு மூன்று பிள்ளைகள் உண்டா என்று கேட்க வேண்டும்.

ஆயா தன் மாமனாரை, “எம்டன் குண்டு போட்ட வருசம் கைப்பிள்ளையாம்” என்றார். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22. 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம முன்சீப் வைத்திருந்த பிறப்புப் பதிவேட்டில் 1913, 1914 இரண்டையும் புரட்டினோம். 1914 மார்ச்சில் ஒரு வரி கிடைத்தது. பிள்ளைக்குப் பெயர் எழுதவில்லை, ‘ஆண்’ என்று மட்டும். தகப்பன் பெயர், சாதி, சேரி. தகவல் சொன்னவர் வெட்டியான். இந்த வெட்டியானைப் பற்றி ஒரு வார்த்தை: ஊர் எல்லைத் தகராறுகளில் பறையர் சொல்லும் எல்லையே முடிவு என்ற பழைய வழக்கத்தை 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளே பதிவு செய்திருக்கின்றன. ஊரார் நிலத்துக்கு எல்லை சொன்னவன் சொந்த நிலத்துக்குச் சாட்சி தேடி அலைகிறான்.

ஆனால் அந்தத் தகப்பன் இரண்டு பேரில் யார்? பதில் கோலாரில் கிடைத்தது. இரண்டாமவரின் பிள்ளைகள் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் குடும்பம் அங்கேயே இருக்கிறது. ஊர்ப் பிடிமண்ணில் அம்மன் வைத்துக் கும்பிடுகிறார்கள். நிலம் பற்றிக் கேட்டோம். “எங்க பாட்டனுக்குக் காணி நெலம் இருந்திருந்தா நாங்க ஏங்க இந்தக் குழிக்குள்ள எறங்கப் போறோம்?” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். பங்கு கேட்கலாம் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார். தனக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒருவர் சொல்கிற வார்த்தைக்கு எந்த நீதிமன்றத்திலும் எடை உண்டு.

நீதிமன்றம் என்றதும், ‘கிழவி சொன்னதெல்லாம் செல்லுமா?’ என்று நம்மவர்களே சிரிக்கிறார்கள். செல்லும். 1872 சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின் 5-ஆவது உட்பிரிவு, உறவுமுறையை அறியும் வாய்ப்புள்ளவர் இறந்துபோயிருந்தால், உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதைச் சாட்சியமாக ஏற்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய அதிநியத்தில் அதுவே 26-ஆம் பிரிவின் ‘இ’ உட்பிரிவு. ஆயாவுக்கு மாமியார் சொன்னது இதில் வரும். அடுத்த உட்பிரிவு குடும்ப வம்சாவளி, கல்லறைக் கல், குடும்பப் படம் போன்றவற்றில் உள்ள உறவுக் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கிற கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகள் பெயர் வரிசையாக இருக்கிறதே, அதை எரித்துவிடாதீர்கள். வழக்கறிஞர் அதை வைத்து வாதாட முடியும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தகராறு எழுவதற்கு முன்னால் சொன்னதாக, எழுதியதாக இருக்க வேண்டும். வழக்குப் போட்ட மறுநாள் எழுதுகிற வம்சாவளிக்கு மதிப்பு இல்லை. இதனால்தான் இன்னும் எந்தச் சிக்கலும் வராத குடும்பங்களையும் நாங்கள் போய்த் தொந்தரவு செய்கிறோம். நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவர் வீட்டில் பத்திரம் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள், அவளுக்கு மூச்சிரைப்பும் இருக்கிறது.

இலக்கிய மன்றத்தில் வந்து பட்டா, சிட்டா பேசுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். அயோத்திதாசர், தன் பாட்டன் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தார் என்றும், அவர் கொடுத்த குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்றும் ‘தமிழன்’ இதழில் எழுதினார். தமிழ் இலக்கியப் பதிப்பு வரலாற்றில் ஒரு குடும்பத்தின் வாய்மொழி நுழைந்த இடம் அது. அவர் பாட்டன் பெயரைச் சொல்லி எழுதிவைத்தார்; அதனால் இன்றைக்கும் அதைப் பற்றி ஆய்வாளர்கள் விவாதிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆயாவின் வாக்குமூலத்தை வழக்கறிஞர் முன்னிலையில் பதிவு செய்தாகிவிட்டது. முடிக்கும்போது அவர், “எல்லாம் ஆம்பள பேரா எழுதறீங்களே, எங்க மாமியார் பேரையும் போடுங்க” என்றார். சொன்னார், போட்டோம். அவர் மாமியாருக்கு மாமியார் பெயர்? மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது வரைக்கும் தெரிகிறது. பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தோழர்கள் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள்.

வாசலில் மேசைமேல் படிவங்கள் வைத்திருக்கிறோம். முதல் பக்கம் தாய்வழி, அடுத்த பக்கம் தந்தைவழி. செல்போனில் பேச்சைப் பதிவு செய்கிறவர்கள் தொடக்கத்தில் அன்றைய தேதியையும் பேசுகிறவர் வயதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். நிரப்பிய படிவத்தை எங்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நகல் எடுத்து, வேறு ஊரில் இருக்கிற அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்துவையுங்கள். குடிசை பற்றி எரிந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது.