சிக்னல் கிடைக்காத ஊரிலிருந்து தொடங்குவோம்

(கூட்டமைப்பு செயற்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது நம்ம தருமபுரியில்தான். அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்தது. அன்றைக்கு நம் மூத்த சகோதரிகள் பாய் விரிச்சு வட்டமா உட்கார்ந்தாங்க. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியணும், எல்லார் பேச்சும் எல்லார் காதிலும் விழணும் என்பதற்காக.

இப்போ கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வீடியோ கூட்டம் நடத்தும் வசதி வேணும்னு கேட்கிறோம். நியாயம்தான். சித்தேரியிலிருந்தும் ஏரியூரிலிருந்தும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. ஆனால் எந்த வசதியை வாங்குறது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

தேனி மாவட்டத்தைப் பாருங்கள். 2004-ல் தொடங்கி அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே கிராமங்களில் கண் பார்வை மையங்களை அமைத்தது. நோயாளி தன் ஊர்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மருத்துவமனையில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். ஒவ்வொருவர் கையிலும் கருவி தேவைப்படவில்லை. பொதுவாக ஒரு இடம், பயிற்சி பெற்ற ஒருவர், நல்ல இணைப்பு, இது போதுமாக இருந்தது. நாமும் அப்படிச் செய்யலாமே! ஸ்மார்ட் போன் இல்லாத உறுப்பினர்கள் ஊராட்சிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கருவியில் கலந்துகொள்ளலாம்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை:

1. சாதாரண கான்ஃபரன்ஸ் கால். பட்டன் போன் போதும், இன்டர்நெட் வேண்டாம். பொதுவாக அழைப்பவர் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அவசரமாகக் கலந்து பேச இதுவே நல்லது.

2. வாட்ஸ்அப் குழு அழைப்பு. நமக்குப் பழகின செயலி. 32 பேர் வரை பேசலாம்.

3. கூகுள் மீட், ஜூம். இலவசமாக 100 பேர் வரை சேரலாம். ஆனால் இலவசக் குழுக் கூட்டம் கூகுள் மீட்டில் 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம்தான். கணக்கு வாசிக்கும்போது பாதியில் அறுந்துபோனால் என்ன செய்வது? பணம் கட்டும் முன் அன்றைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கருவி. பெரிய டிவி, விலை உயர்ந்த கேமரா என்று முதலில் ஓட வேண்டாம். படம் மங்கினால் சமாளிக்கலாம், குரல் உடைந்தால் கூட்டமே இல்லை. அதனால் முதல் செலவு நல்ல மைக், ஸ்பீக்கருக்கு. இரண்டாவது செலவு, கரண்ட் போனாலும் மோடம் நிற்காமல் இருக்க ஒரு சின்ன யு.பி.எஸ். ஒரே அறையில் இரண்டு போனைத் திறந்து வைத்தால் ஒன்றின் சத்தம் மற்றதில் புகுந்து எதிரொலிக்கும். ஒன்றை மட்டும் வையுங்கள். சிக்னல் குறைந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். டேட்டாவும் மிச்சமாகும்.

விற்க வருகிறவர் டவுனில், நல்ல நெட்டில் போட்டுக் காட்டுவார். பளிச்சென்றுதான் இருக்கும். அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. நம்மில் யாருக்குச் சிக்னல் ரொம்பக் குறைவோ, யாரிடம் இருப்பது பழைய போனோ, அந்தச் சகோதரியின் ஊரிலிருந்து, கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் போட்டுப் பார்க்கணும். அவருக்குத் தெளிவாகக் கேட்டால் நம் எல்லாருக்கும் கேட்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நம் கூட்டத்தில் பேசுவது கடனைப் பற்றி, சேமிப்பைப் பற்றி. யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை என்பது காதில் விழாமலே ஒரு சகோதரி "சரிங்க" என்று சொல்லி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், அந்தக் கடனுக்கு அவரும் பொறுப்பாளி ஆகிவிடுவார். யோசிச்சுப் பாருங்க! அதனால் மூன்று விதிகளை முன்வைக்கிறோம். ஒன்று, இணைப்பு அறுந்தவர் திரும்பி வரும்வரை தீர்மானம் நிற்கணும். இரண்டு, ஒவ்வொருவரும் பெயர் சொல்லிச் சம்மதம் சொல்லணும். மூன்று, கடன் ஒப்புதல், கணக்கு வாசிப்பு, பொறுப்பாளர் தேர்வு மூன்றும் நேரில்தான் நடக்கணும். பயிற்சி, தகவல், சந்தை விலை பேசுவது எல்லாம் வீடியோவில் நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூட்ட இணைப்பை வெளியாருக்கு அனுப்பாதீர்கள். போனில் யார் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை. பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு ஊக்குநரும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: குழுவில் ஸ்மார்ட் போன் எத்தனை, பட்டன் போன் எத்தனை, போனே இல்லாதவர் எத்தனை, எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது. அந்தத் தாள்களை எல்லாம் வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.